பழைய படகும் புதிய பலகையும்

மனிதன் தன் கையால் ஆக்கிய பொருள்கள் யாவும், ஆக்கிய நாள் தொட்டே அழியத் தொடங்குகின்றன. வீட்டைக் கறையான் அரிக்கிறது; ஏட்டைப் பூச்சி தின்கிறது; இரும்பைத் துரு உண்கிறது. இவ்வழிவைத் தடுத்து நிறுத்த எவராலும் இயலாது. சிறிது காலம் தள்ளிப்போட மட்டுமே இயலும். அங்ஙனம் தள்ளிப்போடும் தொழிலுக்குத்தான் பழுதுபார்த்தல் என்று பெயர் வைத்திருக்கிறோம். கேட்பதற்கு எளிய சொல். செய்வதற்கும் எளியது போலவே தோன்றும். ஆயினும் அச்சொல்லினுள் அறம் பற்றிய வினா ஒன்று ஒளிந்து கிடக்கிறது. பழைய பொருளைக் காக்கப் புகுந்தவன் எதை வைத்துக்கொள்ள வேண்டும்? எதை வெட்டி எறிய வேண்டும்? வெட்டிய இடத்தில் புதியதைப் பொருத்திய பின்னும், 'இது அந்தப் பழைய பொருளே' என்று சொல்லும் உரிமை அவனுக்கு உண்டா?

இவ்வினாவை நாம் நூல்நிலையத்தில் சந்திக்கவில்லை. பழைய மர மோட்டார்ப் படகு ஒன்றின் அடியில், முதுகு மண்ணில் தோய மல்லாந்து கிடந்தபோது சந்தித்தோம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு காலந்தள்ளி வரும் எழுத்தருக்குப் படகோடு என்ன உறவு என்று அன்பர்கள் வினவலாம். நியாயமான வினாவே. உளியை எப்பக்கம் திருப்பிப் பிடிப்பது என்பதைக்கூட அறியாத நிலையில்தான் அவ்வேலையில் இறங்கினோம். அவ்வறியாமையால் விளைந்த பிழைகளும், அப்பிழைகள் நமக்குக் கற்பித்தனவும் இக்கட்டுரையின் பொருளாகும்.

படகு வந்த வரலாறு

நாம் வாழ்வது அந்தமானின் தலைநகரம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர். இங்கே மீன்பிடிக்கவும், ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் செல்லவும் 'டுங்கி' என்னும் மரப்படகுகள் நெடுங்காலமாக வழக்கில் உள்ளன. உள்ளே சிறிய டீசல் எந்திரம் ஒன்று. கைப்பிடியைச் சுழற்றினால் தடதடவென்று உயிர்பெறும். இன்று கண்ணாடி இழைப் படகுகள் பெருகிவிட்டமையால் மர டுங்கிகள் குறைந்து வருகின்றன.

நமது குடியிருப்புக்கு அடுத்த தெருவில் பெரியவர் ஒருவர் இருந்தார். இளமையில் இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து கப்பலேறி வந்து, பட்டறை ஒன்றில் தச்சராய்ப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். 1983 ஆம் ஆண்டில் தம் கையாலேயே ஒரு டுங்கி கட்டினார். நீளம் 24 அடி, அகலம் 6 அடி. மரமோ நம் நாட்டு வேங்கையின் இனத்தைச் சேர்ந்த படாக், சிவந்த நிறமும் உறுதியும் உடையது, இத்தீவுகளுக்கே உரியது. முன்பக்கமாகிய அணியத்தின் மேற்பலகையில் 'முத்துமாரி' என்று தமிழில் செதுக்கினார். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை அப்படகைக் கரையில் தூக்கி எறிந்தது. இரண்டு பலகைகள் பிளந்தன. அவர் அவற்றை மாற்றி, மறுபடியும் நீரில் இறக்கினார்.

2019 இல் அவர் மறைந்தார். படகு ஓலைக் கொட்டகையின் கீழ் கிடந்தது. ஓலை மட்கிற்று, மழை உள்ளே விழுந்தது. 2022 நவம்பரில் அவருடைய துணைவியார் அதனைச் சிறு தொகைக்கு நமக்குக் கொடுத்தார். அரசு ஊழியர்க்குரிய 1964 ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி அதனை வாடகைக்கு விட்டுப் பொருளீட்ட வழியில்லை. நமக்கு அந்த எண்ணமும் இல்லை. ஞாயிறுதோறும் பிள்ளைகளோடு விரிகுடாவில் ஒரு சுற்று. தூண்டிலில் அகப்பட்டால் இரண்டு மீன். ஆசை அவ்வளவே.

மக்கும் வண்ணமும்

முதலில் பழைய வண்ணத்தைச் சுரண்டினோம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன. சுரண்டச் சுரண்ட அடியில் சிவந்த மரம் ஒளிவிட்டது. அணியத்தின் மேற்பலகைக்கு வந்தபோதுதான் உளியின் முனை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிற்று. பெயர் செதுக்கிய பலகை அது. வெளியே எழுத்துகள் தெளிவாக இருந்தன. உள்ளே மரம் பொடிப்பொடியாய் இருந்தது.

இங்கே ஓர் இயற்கை நுட்பத்தைக் கூற வேண்டும். கடல்நீர் மரத்தை அழிக்கும் என்றே நிலத்தில் வாழ்வோர் எண்ணுகிறோம். உண்மை அதற்கு மாறானது. மரத்தை மட்கச் செய்யும் பூசணம் உப்பில் எளிதில் வளராது. மேலிருந்து இறங்கி, மூலையில் தேங்கி, காற்றுப் புகாமல் நிற்கும் மழைநீரே பூசணத்தை வளர்க்கிறது. ஆகவே உழைக்கும் படகைவிட ஓய்ந்து கிடக்கும் படகே விரைவில் மட்குகிறது.

பலகையை அறுத்தெடுக்க மனம் வரவில்லை. பெரியவரின் கையெழுத்து அன்றோ அது! மர வேலைக்காரர்கள் சிறு துளைகளை அடைக்கப் பயன்படுத்தும் 'மக்கு' என்னும் பசையை வாங்கி வந்தோம். பொடியைத் தோண்டிவிட்டு அதை அடைத்தோம், காய்ந்தபின் தேய்த்தோம், மேலே நீல வண்ணமும் எழுத்துகளில் வெள்ளையும் பூசினோம். பலகை புதுமணப்பெண் போல் விளங்கிற்று. புகைப்படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினோம். மட்கிய இடத்தில் மக்கை அடைத்த மக்கு நாமே என்பது அப்போது விளங்கவில்லை.

கரையில் முதிய படகுத் தச்சர் ஒருவர் இருந்தார். ஆந்திரக் கரையிலிருந்து வந்து குடியேறியவர். எல்லோரும் அவரை 'மிஸ்திரி' என்றே அழைப்பர். நமக்கும் அவருக்கும் பொதுமொழி இத்தீவின் இந்துஸ்தானி. அவர் ஒருநாள் அவ்வழியே வந்து, கையிலிருந்த கொட்டாப்புளியின் பிடியால் பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். நல்ல பலகைகள் கணீரென்று ஒலித்தன. பெயர்ப் பலகை 'தொப்' என்றது. மறுபடி தட்டினார், மறுபடியும் 'தொப்'. நம் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை பெரியவரின் துணைவியாரிடம் சென்றோம். பெயர்ப் பலகையை என்ன செய்வது என்று அவரிடமே கேட்டுவிடலாம் என்பது எண்ணம். 'அப்படியே இருக்கட்டும்' என்று அவர் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்ற கோழைத்தனமும் அதில் கலந்திருந்தது. அம்மையார் முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இதுல உங்க பிள்ளைகளை ஏத்துவீங்களா, தம்பி?"

நம்மால் விடை சொல்ல இயலவில்லை. விடை தெரியாமையால் அன்று, தெரிந்தமையால். மறுநாளே பலகையை அறுத்தெடுத்தோம்.

அறிஞர் கேட்ட வினா

பழமையான வினா ஒன்று உண்டு. கிரேக்கப் பழங்கதை வீரன் தீசியஸ் கிரீட் தீவிலிருந்து திரும்பி வந்த 30 துடுப்புக் கலத்தை ஏதென்ஸ் நகரத்தார் நெடுங்காலம் காத்து வந்தனர் என்றும், பலகைகள் மட்க மட்கப் புதியவற்றைப் பொருத்தினர் என்றும், அது அதே கலமா வேறு கலமா என்று அறிஞர்கள் இரு கட்சியாய்ப் பிரிந்து வழக்காடினர் என்றும் புளூட்டார்க் எழுதி வைத்தார். 17 ஆம் நூற்றாண்டில் ஆங்கில அறிஞர் ஹாப்ஸ் அவ்வழக்கில் மேலும் ஒரு முடிச்சைப் போட்டார். கழித்த பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்திருந்து, அதே வரிசையில் மீண்டும் ஒரு கலமாகக் கட்டிவிட்டால், இரண்டினுள் எது தீசியஸின் கலம்? நம் நாட்டிலும் இதை ஒத்த உரையாடல் உண்டு. மிலிந்த மன்னனுக்கும் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவிக்கும் நடந்ததாகப் பாலி மொழி நூல் ஒன்று கூறுவது. 'தேர் என்பது எது? அச்சா? சக்கரமா? நுகமா?' என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு, இவற்றுள் எதுவும் தேரன்று. இவை கூடியிருக்கும்போது வழங்கும் பெயரே தேர் என்று துறவி காட்டுகிறார்.

எழுத்தராகிய நமக்கு இது புதிதன்று. அலுவலகத்தில் ஒரு கோப்பைப் பாருங்கள். அதைத் தொடங்கியவர் என்றோ ஓய்வு பெற்றார். அட்டை மூன்று முறை மாறிற்று. பழைய தாள்கள் விதிப்படி கழிக்கப்பட்டன. கோப்பு எண் மட்டும் மாறவில்லை. ஆயினும் அது அதே கோப்பு என்பதில் எந்த அதிகாரிக்கும் ஐயம் எழுந்ததில்லை. பதவியும் அவ்வாறே, நாற்காலி இருக்கிறது, அமர்பவர் மாறுகிறார்.

இவ்வாதங்கள் அறிவுக்கு விருந்து. எனினும் அவற்றையும் அம்மையார் கேட்ட வினாவையும் அருகருகே வைத்து நோக்குங்கால் ஒரு வேறுபாடு புலப்படுகிறது. 'இது அதே கலமா?' என்பது கரையில் நிற்பவன் கேட்கும் கேள்வி. 'இதில் பிள்ளைகளை ஏற்றுவாயா?' என்பது ஏறப்போகிறவனுக்காகக் கேட்கும் கேள்வி. முன்னதற்கு எவ்விடை கூறினும் ஒருவர்க்கும் தீங்கில்லை. பின்னதற்குப் பொய்விடை கூறினால் உயிர் போகும். ஆகவே பழுதுபார்ப்பவனின் முதற் கடமை பழைய பொருளுக்கு ஆற்றுவது அன்று. அதனை நம்பி ஏறும் மனிதர்க்கு ஆற்றுவது. பழமையின்மேல் கொண்ட அன்பு, குறையை மறைக்கும் அளவுக்கு வளர்ந்துவிடுமாயின், அது அன்பென்னும் பெயருக்குரியது ஆகாது.

எதுவரை வெட்டுவது?

அப்படியானால் ஐயத்துக்கு இடமான யாவற்றையும் பிடுங்கி எறிந்துவிடலாமே எனில், அதுவும் அறமன்று. பெயர்ப் பலகையில் பட்ட சூட்டினால் நாம் அடுத்த எல்லைக்குப் போனோம். 'எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம்' என்று மிஸ்திரியிடம் சொன்னோம். அவர் ஒப்பவில்லை.

முதற்காரணம் மரம். படாக் மரம் முதிர்ந்து பலகைக்கு ஆவதற்கு ஒரு மனிதனின் ஆயுளுக்கு மேலான காலம் வேண்டும். இத்தீவுகளில் 1883 இல் சாத்தம் தீவில் நிறுவப்பட்ட மர அறுவை ஆலை ஒருகாலத்தில் மலைமலையாய் மரம் அறுத்தது. காடு குறைந்தது. 2002 இல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. நமக்கு வேண்டிய பலகைகளுக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. நல்ல பலகையை நமது அச்சத்துக்காகக் கழிப்பது, நின்ற மரத்தை இரண்டாம் முறை வெட்டுவதாகும்.

இரண்டாம் காரணம் நுட்பமானது; இக்கட்டுரையின் உயிர்நிலை என்று நாம் கருதுவதும் அதுவே. படகுக்கு அடியில் நெடுக ஓடும் மரம் ஏரா. அதிலிருந்து விலா எலும்புகள்போல் இருபுறமும் எழுபவை வங்குகள். அவற்றின்மேல் பலகைகள் போர்த்தப்படுகின்றன. இப்பெயர்களை அம்மையாரிடமிருந்தே கேட்டறிந்தோம். படகின் வளைவு எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. பெரியவர் வரைபடம் எதுவும் வைத்தாரில்லை. அவ்வளைவு இருப்பது அப்பலகைகளிலும் வங்குகளிலும்தான். எல்லாவற்றையும் ஒருசேரக் கழற்றினால் வளைவு காற்றோடு போய்விடும். பிறகு எவ்வளவு நல்ல மரத்தை வைத்தாலும் வருவது வேறொரு படகே. ஆதலின் மிஸ்திரியின் விதி இது: ஒன்றை எடு, அதன் இடத்தில் ஒன்றை வை, அது நிலைத்தபின் அடுத்ததைத் தொடு. வங்குகளிலும் அடுத்தடுத்த இரண்டை ஒருநாளும் சேர்த்து எடுக்கலாகாது. இடையில் பழையது ஒன்று நின்று வடிவைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். புதிய பலகை தன் வளைவை மேலும் கீழும் உள்ள பழைய பலகைகளிடமிருந்து கற்றுக்கொள்கிறது. நாளை அப்பழையன போகும்போது, இன்றைய புதியது அவற்றின் வளைவைத் தாங்கி நின்று வருவனவற்றுக்குக் கற்பிக்கும்.

ஏதென்ஸ் அறிஞர்களின் வழக்குக்கு விடை இங்கே இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. பழைய பலகைகள் எத்தனை எஞ்சின என்று எண்ணிப் பயனில்லை. பழையதும் புதியதும் சிறிது காலமேனும் ஒன்றையொன்று தொட்டு நின்றனவா என்று கேட்க வேண்டும். நின்றிருந்தால் அது அதே கலம். 

எது நல்ல பலகை என்பதை அறிவதும் எளிதாயிருக்கவில்லை. கப்பல் புழு என்று ஒன்று உண்டு. பெயர் புழுவாயினும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிர். குஞ்சாயிருக்கையில் ஊசிமுனை அளவான துளையிட்டுப் பலகைக்குள் புகும். உள்ளேயே வளர்ந்து, விரல் பருமனுக்குச் சுரங்கம் தோண்டும். வெளியே ஊசித்துளை; உள்ளே தேன்கூடு. பார்த்து அறிய இயலாது. தட்டியும் குத்தியும் பார்த்தாலன்றித் தெரியாது. அங்ஙனம் ஒவ்வொன்றாய்ச் சோதித்ததில் 22 பலகைகளுள் 7, 19 வங்குகளுள் 4 மாற்றப்பட வேண்டியனவாயின. பெரியவர் ஆழிப்பேரலைக்குப் பின் பொருத்திய இரண்டு பலகைகளும் கணீரென்று ஒலித்தன. எது 1983 இன் பலகை, எது பின்னர் வந்தது என்பது நமக்குக் கண்ணால் பிரித்தறிய முடியாததாயிற்று.

இடம் விடாத அன்பு

2023 ஏப்ரல் மாதத்தில் மிஸ்திரி உறவினர் திருமணத்துக்காக ஊர் சென்றிருந்தார். வேலை முடிவுக்கு வந்திருந்தது. எஞ்சியது கலப்பற்று மட்டுமே; பலகைகளின் இடுக்குகளில் பஞ்சுத்திரியைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசும் வேலை அது. வேனிலில் காய்ந்திருந்த பலகைகளுக்கிடையே ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஒரு துளி நீரும் புகலாகாது என்று சூளுரைத்துக்கொண்டு, பஞ்சை அடிமேல் அடி அடித்து இறுக்கினோம். படகை நீரில் இறக்கினோம். துளியும் கசியவில்லை! மார்தட்டிக்கொண்டோம்.

நான்காம் நாள் காலை, படகினுள் முழங்கால் அளவு நீர். இரண்டு வங்குகள் முறிந்திருந்தன. ஆணிகள் சில பலகையை விட்டுப் பிதுங்கி நின்றன.

காரணத்தை மிஸ்திரி திரும்பி வந்து சொன்னார். உலர்ந்த பலகை நீரில் ஊறும்போது குறுக்குவாட்டில் பருக்கும். அப்படிப் பருத்துத்தான் இடுக்குகளைத் தானே அடைத்துக்கொள்ளும். நெடுநாள் கரையில் கிடந்த மரப்படகை நீரில் இறக்கினால் முதல் ஓரிரு நாள் கசியவே செய்யும். கசிய விட்டு, இறைத்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். நாமோ பருப்பதற்கு இடம் விடாமல் இறுக்கிவிட்டோம். ஊறிய பலகைகள் ஒன்றையொன்று நெருக்கின. ஒதுங்க இடமின்றி, தம்மைத் தாங்கிய வங்கையே முறித்தன. 'நீங்கள் மரத்துக்கு இடம் விடவில்லை' என்பதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மழைக்காலம் வந்துவிட்டது. எட்டு மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

முதற்பிழை குறையை மறைத்தது. அதைச் சோம்பலின் பிழை எனலாம். இரண்டாம் பிழை குறையே இருக்கலாகாது என்று இறுக்கியது. அது ஆர்வத்தின் பிழை. ஆர்வத்தின் பிழைக்கு உலகம் எளிதில் மன்னிப்பு அளிக்கிறது. ஆனால் முறிந்த வங்குகள் இரண்டும் ஆர்வத்தால் முறிந்தவை என்பதை நாம் மறக்கவில்லை.

கோயிலும் ஊர்ப்பெயரும்

நம் முன்னோர் இவ்வறத்தை அறியாதவரல்லர். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்தும் மரபு நம் கோயில்களில் உண்டு. கருவறையில் பணி நடக்கும் காலத்தில் இறைவனைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து, பின்னர் மீண்டும் கொண்டுவருவர். புதுப்பித்தல் பழமைக்கு இழுக்கு என்று அவர்கள் எண்ணவில்லை. அதே வேளையில், அண்மைக் காலத்தில் மணலைப் பீய்ச்சியடித்துத் தூண்களைத் துடைத்ததில் சிற்பத்தின் நுணுக்கமும் கல்வெட்டின் எழுத்தும் தேய்ந்தன என்ற குறை எழுந்ததையும் நாம் அறிவோம். அழுக்கோடு எழுத்தும் போயிற்று. அதுவும் ஆர்வத்தின் பிழையே.

ஜப்பான் நாட்டின் இசே என்னும் ஊரிலுள்ள ஆலயத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை, பக்கத்து நிலத்தில் முற்றிலும் புதிய மரத்தால் கட்டி எழுப்புகிறார்கள். 2013 இல் நடந்தது 62 ஆம் முறை. அங்கே ஒரு பலகையும் பழையதன்று. ஆயினும் முந்தைய முறை இளைஞராய் இருந்து பணிசெய்தவர் இம்முறை மூத்தவராய் நின்று இளையோர்க்குக் காட்டிக்கொடுக்க இயலுகிறது. மரம் மரத்தைத் தொடாவிடினும் கை கையைத் தொடுகிறது.

இதற்கு நேர்மாறான காட்சியை நம் ஊரிலேயே கண்டோம். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயர் என்னும் பெயர் ஶ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. தீசியஸின் கலத்தில் பலகை மாறிற்று, பெயர் நின்றது. இங்கே பெயர் மாறிற்று, மேடும் பள்ளமும் மழையும் நின்றன. மறுநாள் காலையிலும் நாம் அதே பேருந்தில் அதே அலுவலகத்துக்குத்தான் சென்றோம். பெயர் மட்டுமே பொருளாகாது, பலகை மட்டுமே பொருளாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

நம் இல்லத்துப் பலகை

இறுதியாக, நம் சங்கத்து அன்பர்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாற்றிய அணியப் பலகையில் படகின் பெயரை மீண்டும் செதுக்க வேண்டியிருந்தது. அப்போது 13 வயதாயிருந்த நம் மகளிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, எழுது என்றோம். அவள் நெடுநேரம் எண்ணிப் பார்த்து 'முதுமாறி' என்று எழுதினாள். ஒற்றெழுத்து ஒன்று போயிற்று, ரகரம் றகரமாயிற்று. அருகே நின்ற அம்மையார் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனெனில் அதற்கு முந்தைய ஆண்டு விழா மேடை ஒன்றில், தமிழின் பெருமை என்னும் தலைப்பில் பிழையின்றிப் பேசிப் பரிசு பெற்றவள் அவள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்தப் பேச்சு அவளுக்கு இந்தி எழுத்தில் எழுதிக் கொடுக்கப்பட்டது. எழுதிக் கொடுத்தவர் நாமே. அதுவன்றோ மக்கும் நீல வண்ணமும்! பெயர்ப் பலகையில் செய்ததை அதற்கு முன்பே நம் வீட்டில் செய்து முடித்திருந்தோம். மேடையில் நின்ற தமிழைத் தட்டிப் பார்க்க எந்த மிஸ்திரியும் வரவில்லை; அவ்வளவே.

அதன்பின் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. இந்தி எழுத்தில் தமிழ் எழுதிக் கொடுப்பதை நிறுத்தினோம். பிழைதோறும் கண்டித்து இறுக்குவதையும் விட்டோம். ஏப்ரல் மாதத்து வங்குகள் நினைவில் இருந்தன. ஞாயிறுதோறும் அவள் படகடியில் அம்மையாரின் பக்கத்தில் அமர்ந்து பஞ்சுத்திரி திரித்தாள். ஏரா, வங்கு, அணியம், சுக்கான் என்ற சொற்கள் அவள் நாவில் இந்துஸ்தானியோடு கலந்து வந்தன. கசியத்தான் செய்கிறது, இன்றும் ரகர றகரம் அவளுக்கு மாறுகிறது. ஆனால் ஊரிலிருக்கும் பாட்டிக்குக் கடிதம் அவளே எழுதுகிறாள். அடுத்திருந்து வளைவைக் காட்ட ஒரு பழைய பலகை இருக்கும் வரையில் புதியதைப் பற்றி அஞ்ச வேண்டுவதில்லை. அப்பழைய பலகை எத்தனை நாளைக்கு இருக்கும் என்பதே அஞ்சத்தக்கது. வெளியூரில் வாழும் நம் இல்லங்களில் எத்தனை பலகைகள் அடுத்தடுத்து ஒருசேரக் கழன்றுவிட்டன என்பதை அவரவரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மீண்டும் நீரில்

2024 சனவரியில் முத்துமாரியை மறுபடி நீரில் இறக்கினோம். எதிர்பார்த்தபடியே கசிந்தது. நாமும் அண்டைவீட்டார் ஒருவரும் இரண்டு இரவுகள் மாறிமாறி வாளியால் இறைத்தோம். மூன்றாம் நாள் விடியலில் உள்ளே ஒரு சாண் நீரே இருந்தது. அதற்கு மறுநாள் கணுக்காலும் நனையவில்லை.

பழைய எந்திரம் பயன்படாது போனமையால் வேறோர் எந்திரம் பொருத்தியிருந்தோம். முதல் ஞாயிறன்று அம்மையாரை அழைத்துச் சென்றோம். பிள்ளைகள் முன்னே அமர்ந்தனர். அவர் சுக்கானுக்கு அருகே, தம் கணவர் அமரும் இடத்துக்கு எதிரே அமர்ந்தார். விரிகுடாவை ஒருமுறை சுற்றி வந்தோம். இது உங்கள் படகேதானா என்று கேட்க நாவு எழுந்தது; கேட்கவில்லை. கரையில் இறங்கும்போது அவராகவே சொன்னார்: "எஞ்சின் சத்தம் மட்டும் வேறயா இருக்கு, தம்பி."

அறுத்தெடுத்த பெயர்ப் பலகையில் மட்காத பாதி அவர் வீட்டில் இருக்கிறது. அதன்மேல் அரிசி டின்னை வைத்திருக்கிறார். ஹாப்ஸ் அறிஞர் வந்து எது முத்துமாரி என்று கேட்பாராயின், அம்மையார் அவரை முதலில் உட்காரச் சொல்வார். பிறகு, கடலுக்குப் போக வேண்டுமா, சோறு வேண்டுமா என்று கேட்பார். அவ்விரண்டில் எதற்கு ஆம் என்கிறாரோ, அதற்கேற்ற விடை அவருக்குக் கிடைக்கும்.